ஒரு ரத்தப் படமும் பள்ளிபாளையமும்

சென்ற மாதம் என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். பெங்களூரில் வேலை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் டிவியில் ஒரு ஆங்கிலப் படத்தைப் போட்டுவிட்டு, "தாத்தா, பயப்படாம பாப்பீங்களா?" என்று சவால் விட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் தணிக்கை ஆட்சேபணைகளுக்குப் பதில் எழுதியவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! "போடு, பார்க்கலாம்" என்றேன்.

படத்தின் பெயர் 'டூரிஸ்டாஸ்'. போர்த்துகீசிய மொழியில் சுற்றுலாப் பயணிகள் என்று அர்த்தம். ஜான் ஸ்டாக்வெல் இயக்கி 2006 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. இங்கிலாந்தில் வேறு பெயரில் ஓட்டினார்கள். இருபது வருஷத்துப் பழைய படம். ஆனால் இன்றைக்கும் பிள்ளைகள் தேடி எடுத்துப் பார்க்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கதை இதுதான். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளிலிருந்து ஆறு இளைஞர்கள் பிரேசிலைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். மலைப்பாதையில் பஸ் தடம் விலகுகிறது. எல்லோரும் அடித்துப் பிடித்து இறங்கிய பிறகு பஸ் பள்ளத்தில் உருண்டு விழுகிறது. அடுத்த பஸ் வர நேரமாகும் என்று பக்கத்துக் கடற்கரைக்குப் போகிறார்கள். குடி, கும்மாளம், நீச்சல். யாரோ குடியில் மயக்க மருந்து கலந்துவிடுகிறார்கள். காலையில் கண் விழித்தால் பணம், பாஸ்போர்ட் எதுவும் இல்லை. உள்ளூர்ப் பையன் ஒருவன் "என் மாமா வீடு காட்டுக்குள் இருக்கிறது" என்று கூட்டிப் போகிறான். அங்கே ஹெலிகாப்டரில் ஒரு டாக்டர் வந்து இறங்குகிறார். பெயர் சமோரா. வெள்ளைக்காரப் பிள்ளைகளை மேஜையில் கட்டிப்போட்டு, உயிரோடு வயிற்றைக் கிழித்துச் சிறுநீரகத்தையும் ஈரலையும் எடுக்கிறார். எடுத்ததை ஐஸ் பெட்டியில் வைத்து நகரத்து ஏழை நோயாளிகளுக்கு அனுப்புகிறார். சிலர் சாகிறார்கள். சிலர் தண்ணீருக்கடியில் உள்ள குகைகள் வழியாகத் தப்புகிறார்கள்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், அந்தக் குகைக் காட்சிகள் அழகாக இருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். மற்றபடி படம் முடிந்தபோது எனக்கு வந்தது பயம் இல்லை. கோபம். "ஏன் தாத்தா, ரத்தம் ரொம்ப ஜாஸ்தியா?" என்று கேட்டான் பேரன். அவனுக்கு அன்று இரவு சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ரத்தத்துக்காக நான் படத்தைத் திட்டவில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அங்கே அலியான்ஸ் பிரான்சேஸில் பழைய பிரெஞ்சுப் படங்கள் காட்டுவார்கள். அப்படிப் பார்த்த ஒன்று ஜார்ஜ் பிரான்ஜு 1960-இல் எடுத்த படம். 'முகமில்லாத கண்கள்' என்று தமிழில் சொல்லலாம். அதிலும் டாக்டர்தான் வில்லன். அதிலும் வெளிநாட்டுப் பெண்தான் பலி. கார் விபத்தில் முகம் சிதைந்துபோன தன் மகளுக்காக, பாரிஸின் பேர்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் இளம்பெண்களைக் கடத்தி அவர்களுடைய முகத்தோலை உரித்து எடுக்கிறார். தோல் உரிக்கும் காட்சியைக் கண்ணை மூடாமல் காட்டுவார்கள். எடின்பரோ திரைப்பட விழாவில் அதைப் பார்த்துச் சிலர் மயங்கியே விழுந்தார்கள் என்பார்கள்.

ஆனால் அந்தப் படத்தில் பொய் இல்லை. அந்த டாக்டர் காட்டில் ஒளிந்திருக்கிற பைத்தியம் இல்லை. சொந்த மருத்துவமனை வைத்திருப்பவர். மேடையில் பேசினால் ஊர்ப் பெரிய மனிதர்கள் கை தட்டுவார்கள். பலியாகிறவர்களில் ஒருத்தி, பாரிஸில் தங்க அறை தேடி அலைகிற சுவிட்சர்லாந்து மாணவி. கேட்க ஆளில்லாதவள். உறுப்பு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? நாதியற்றவளிடமிருந்து செல்வாக்குள்ளவருக்கு. உலகத்தில் உண்மையாகவே அது போகிற திசையும் அதுதான்.

'டூரிஸ்டாஸ்' படம் அந்தத் திசையைத் தலைகீழாக்கிவிட்டது. என் புகார் அதுதான்.

முதலில் மருத்துவ விஷயத்தை எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லில் லாரிக்கு ஒரு டயர் மாற்றுவதென்றாலும் அளவு பார்த்துத்தான் மாற்றுகிறோம். சிறுநீரகம் டயரைவிட லேசான சமாச்சாரமா? ரத்த வகை பொருந்த வேண்டும். திசு வகை பார்க்க வேண்டும். கொடுப்பவரின் அணுக்களையும் வாங்குபவரின் ரத்த நீரையும் கலந்து, ஒன்றையொன்று எதிர்க்கிறதா என்று சோதிக்க வேண்டும். எடுத்த சிறுநீரகத்தை ஐஸில் வைத்தாலும் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் பொருத்தியாக வேண்டும். ஈரலுக்கு அந்த அவகாசமும் கிடையாது. பொருத்திய பிறகு, உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க நோயாளி ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். பஸ் கவிழ்ந்து வழிதவறி வந்த யாரோ ஒரு பெண்ணின் சிறுநீரகம், ரியோ நகரத்தில் காத்திருக்கிற யாரோ ஒரு ஏழைக்கு எப்படிப் பொருந்தும்?

"சினிமாதானே தாத்தா, இதையெல்லாமா பாப்பாங்க" என்றான் பேரன். சரி, பொருத்தம் பார்க்காததை மன்னித்துவிடலாம். ஆனால் இந்த விவரத்துக்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. இத்தனை சோதனையும் மருந்தும் வேண்டுமென்றால், உறுப்பு வியாபாரம் காட்டு பங்களாவில் நடக்க முடியாது. ஆய்வுக்கூடம், குளிரூட்டிய அறுவை அரங்கு, மயக்க மருந்து நிபுணர், பெரிய டாக்டர், மருந்துக்கடை எல்லாம் உள்ள இடத்தில்தான் நடக்கும். அவ்வளவு பெரிய இடத்தில் நடக்க வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். விண்ணப்பம், சான்று, முத்திரை, கையெழுத்து. இந்தப் படம் எடுத்தவர்களுக்குக் கத்தியைத் தெரிந்திருக்கிறது, காகிதத்தைத் தெரியவில்லை. எனக்குக் காகிதத்தைத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பிரேசிலுக்கே போவோம். அந்த நாட்டின் வடகிழக்கில் ரெசிஃபி என்று ஒரு துறைமுக நகரம். 2003-இல் அங்கே போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. கும்பலின் தொழில் என்ன தெரியுமா? ரெசிஃபியின் சேரிகளில் வேலையில்லாத ஆண்களைத் தேடிப் பிடித்து, பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து, விமானத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு அனுப்புவது. அங்கே ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் அவர்களுடைய சிறுநீரகம் எடுக்கப்பட்டது. வாங்கிக்கொண்டவர்கள் இஸ்ரேல் நாட்டிலிருந்து வந்த பணக்கார நோயாளிகள். ஆரம்பத்தில் ஒரு சிறுநீரகத்துக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்கள். கொடுக்க முன்வந்த ஏழைகளின் வரிசை நீண்டதும் விலை மூவாயிரம் வரை இறங்கியது. அப்படி நூறுக்கு மேற்பட்ட சட்டவிரோத அறுவைகள் நடந்தன என்ற வழக்கில், அந்த மருத்துவமனையை நடத்திய நிறுவனம் 2010-இல் டர்பன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

கவனியுங்கள். அமெரிக்கர்கள் பிரேசிலுக்குப் போய் உறுப்பை இழப்பதாகப் படம் வந்தது 2006-இல். பிரேசில் ஏழைகள் கடல் கடந்து போய் உறுப்பை இழந்த செய்தி வந்தது 2003-இல். மூன்று வருஷம் முன்னாலேயே உலகப் பத்திரிகைகளில் வந்த விஷயம். வெளிநாட்டுப் பயணத்தில் வயிறு கிழிக்கப்பட்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அவர்கள் நீச்சலுடையில் கடற்கரைக்கு வந்தவர்கள் இல்லை. அதற்கு முன் விமானத்தையே பார்த்திராத கூலிக்காரர்கள்.

படத்தின் கடைசிக் காட்சியில் இன்னொரு கொடுமை. தப்பிப் பிழைத்தவர்கள் ஊர் திரும்ப வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்தில் யாரோ பயணிகள், பஸ்ஸில் போகலாமா விமானத்தில் போகலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். நம் கதாநாயகன் விமானத்திலேயே போங்கள் என்று புத்தி சொல்கிறான். அத்தனை ரத்தத்துக்கும் பிறகு படம் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்! ரெசிஃபி ஆட்களும் விமானத்தில்தான் போனார்கள்.

அடுத்தது அந்த டாக்டர் சமோரா பேசுகிற வசனம். பெண்ணின் வயிற்றைக் கிழித்துக்கொண்டே பேசுகிறார். காலம் காலமாக வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தீர்கள், இப்போது நாங்கள் திருப்பி எடுக்கிறோம் என்கிற பொருளில் பேசுகிறார். பேச்சில் முதல் பாதி முழு உண்மை. கரும்பு, தங்கம், ரப்பர் என்று அந்த நாட்டைச் சுரண்டியது சரித்திரம். ஆனால் அந்த உண்மையை யார் வாயில் வைக்கிறார்கள்? கசாப்புக்காரன் வாயில். படம் பார்க்கிறவன் என்ன செய்வான்? அந்த ஆளோடு சேர்த்து அவன் சொன்ன நியாயத்தையும் வெறுப்பான். ஒரு நியாயத்தைக் கொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. நம் ஊர்ப் பழைய படங்களில்கூட, முதலாளியைக் கேள்வி கேட்கிற தொழிலாளியைக் குடிகாரனாகக் காட்டிவிட்டால் கேள்வியும் குடிகாரனோடு போய்விடும்.

பள்ளியில் எங்களுக்கு மொந்தேஞ் எழுதிய கட்டுரை ஒன்று பாடமாக இருந்தது. 1580-இல் வெளிவந்தது. நரமாமிசம் தின்பவர்களைப் பற்றியது. அந்த மனிதர்களும் பிரேசில்காரர்களே. 1562-இல் ரூவான் நகரத்துக்குப் பிரேசிலின் பூர்வகுடிகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். பிரெஞ்சு அரசருக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான். அவர்களுக்கு நகரத்தைச் சுற்றிக்காட்டிவிட்டு, இங்கே உங்களுக்கு எது வியப்பாக இருந்தது என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னவற்றில் ஒன்று: இங்கே சில பேர் எல்லாம் வைத்துக்கொண்டு புடைக்கத் தின்கிறார்கள், அவர்களுடைய வாசலிலேயே மற்றவர்கள் பசியில் எலும்பும் தோலுமாகப் பிச்சைக்கு நிற்கிறார்கள், நிற்பவர்கள் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள், ஏன் அந்தப் பணக்காரர்களின் கழுத்தைப் பிடிக்கவில்லை என்பது.

நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் அந்தக் கேள்வியை மரியாதையாகக் கேட்டு, குறித்து வைத்தார். காட்டுமிராண்டி என்று நாம் சொல்கிறவன் உண்மையில் யார் என்று தன் சொந்த நாட்டையே கேட்டார். அதே பிரேசிலைப் பற்றி 2006-இல் படம் எடுத்தவர்கள், கேட்பவனையே கொலைகாரனாக்கிவிட்டார்கள். வளர்ச்சி என்றால் இதுதான் போலிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். உறுப்பு விற்பனையைப் பற்றி ஒரு பயங்கரப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஹாலிவுட்காரர்கள் பிரேசில் காட்டுக்குப் போயிருக்கவே வேண்டாம். நாமக்கல் பஸ் நிலையத்தில் ஏறித் திருச்செங்கோடு வழியாகப் போனால் பள்ளிபாளையம் வந்துவிடும்.

காவிரிக் கரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோடு. இந்தப் பக்கம் பள்ளிபாளையம், கொஞ்சம் தள்ளிக் குமாரபாளையம். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். சனிக்கிழமை வாரக் கூலி. தறியில் சேரும்போதே முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று அது ஏறிக்கொண்டே போகும். அட்வான்ஸை அடைக்காமல் வேறு தறிக்குப் போக முடியாது. அதை அடைக்க இன்னொரு தறியில் அதிக அட்வான்ஸ், அதற்கு மேல் வாரக் குழுக்கடன், அதற்கு மேல் கந்து வட்டி. இந்த இடத்தில் புரோக்கர் வருகிறான். "உனக்குத்தான் ரெண்டு இருக்கே" என்கிறான்.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் விவகாரம் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் புரோக்கர்கள் மூலம் விற்கப்பட்டதாகச் செய்தி வந்து, அரசு விசாரணைக் குழு அனுப்பியது. இரண்டு தனியார் மருத்துவமனைகளில் சிறுநீரக மாற்று அறுவைக்கான அனுமதி நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து உத்தரவிட்டது. யார் குற்றவாளி என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் முகாமில் மீனவப் பெண்கள் விற்றது 2007-இல் செய்தியானது. விற்றவர்கள் பிழைத்தார்களா என்றும் ஆய்வு செய்திருக்கிறார்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து, 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். 100-க்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நாலில் மூன்று பேருக்கு அப்போதும் கடன் இருந்தது. 100-க்கு 86 பேர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். விற்ற 305 பேரில் பெரும்பாலானவர்கள், வேறு யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்றார்கள். சமோராவின் கத்தியைவிட இந்தக் கணக்கு எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறது.

நான் பேரனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு நடந்தது. எந்த அலுவலகம், எந்தப் பிரிவு என்று எழுத மாட்டேன். வருமானச் சான்று கேட்டு ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். பஞ்சுத் தூசி தலையில் அப்படியே இருந்தது. தறியிலிருந்து நேராக வந்திருக்கிறார். கூட ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், கையில் பிளாஸ்டிக் ஃபைல். விண்ணப்பத்தில் காரணம் 'மருத்துவம்' என்று இருந்தது.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டேன்.

"எனக்கில்லீங்க சார், தெரிஞ்சவங்களுக்குங்க" என்றார்.

தெரிந்தவருக்கு உடம்பு சரியில்லை என்றால் உனக்கு எதற்கு வருமானச் சான்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது. அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் ரேஷன் கார்டு நகல், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். ஒன்றில்கூடக் குறை இல்லை. 'இணைப்புகள் சரியாக உள்ளன' என்று குறிப்பு எழுதி மேலே வைத்தேன். அன்று மாலையே சான்று கிடைத்தது. "சார் மாதிரி எல்லாரும் இருந்தா நல்லா இருக்கும்" என்று வெள்ளைச் சட்டைக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரே நாளில் காகிதத்தை முடித்தேன் என்று எனக்கும் பெருமைதான்.

ஒரு வருஷம் இருக்கும். திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் ஒருவர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே சொன்னார். பாதி உடம்பாக இளைத்திருந்தார். டீ சாப்பிடலாம் வாங்க என்று கூப்பிட்டார்.

"அன்னிக்கு நீங்க குடுத்த சர்டிபிகேட்டுதானுங்க சார். வித்துப்போட்டனுங்க" என்றார். ஏதோ பழைய சைக்கிளை விற்றதுபோல் சொன்னார். சட்டையை விலக்கிக் காட்டினார். விலாவிலிருந்து முன்வயிறு வரைக்கும் தழும்பு.

"பேசின பணம் வந்துதா?"

"பாதிகூட வரலீங்க."

"அட்வான்ஸ் அடைச்சீங்களா?"

"அடைச்சனுங்க. மறுபடியும் வாங்கீட்டனுங்க. இப்ப நைட் ஷிஃப்ட் ஓட்ட முடியறதில்லீங்க சார், இடுப்பு புடிச்சுக்குது." கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துவிட்டு, "இப்ப வீட்ல அவளையும் கேட்டுட்டு இருக்கறாங்க" என்றார்.

என் பஸ் வந்துவிட்டது. டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நான் எழுதாவிட்டால் வேறு ஒருவர் அந்தக் குறிப்பை எழுதியிருப்பார் என்று எனக்கு நானே பல தடவை சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அது சமாதானமாக இல்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2011 திருத்தத்தில் தண்டனையைப் பத்து வருஷச் சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை உயர்த்தினார்கள். நெருங்கிய உறவினர் அல்லாதவர் கொடுப்பதென்றால், அன்பினாலோ பற்றினாலோ கொடுக்கிறேன் என்று சொல்லி அங்கீகாரக் குழுவின் அனுமதி பெற வேண்டும். புரோக்கர் யாரும் நடுவில் இல்லை என்று குழு உறுதி செய்ய வேண்டும். 2014 விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கொடுப்பவர், பெறுபவர் இருவரின் தொழிலுக்கும் மூன்று வருஷ வருமானத்துக்கும் ஆதாரம் வாங்கி, இருவருக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால், பணம் கைமாறுகிறதா என்ற கோணத்தில் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

எழுதியவர் விஷயம் தெரிந்தவர். இரண்டு வருமானச் சான்றுகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஒன்று வாரக்கூலிக்காரருடையது. இன்னொன்று கார் வைத்திருப்பவருடையது. இருவரும் வேறு வேறு ஊர், வேறு வேறு உறவு, வேறு வேறு தொழில். இவருக்கு அவர்மேல் அன்பு எங்கிருந்து வந்தது? இதைக் கேட்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. இளநிலை உதவியாளர் கேட்கலாம். ஆனால் காகிதம் ஒழுங்காக இருந்தால் நாங்கள் கேட்பதில்லை. அப்படித்தான் எங்களைப் பழக்கினார்கள், அப்படித்தான் நாங்களும் பழகிக்கொண்டோம்.

"இதையெல்லாம் படமா எடுத்தா யாரு தாத்தா பாப்பாங்க?" என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் எடுத்திருக்கிறார்கள். 'டூரிஸ்டாஸ்' வருவதற்கு நாலு வருஷம் முன்பு, 2002-இல், ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் 'டர்ட்டி பிரிட்டி திங்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார். லண்டன் ஹோட்டல் ஒன்றில், ஆவணமில்லாமல் வந்த அகதிகளிடம் பாஸ்போர்ட் தருகிறேன் என்று சொல்லிச் சிறுநீரகத்தை வாங்குகிற கதை. அங்கே கத்தி சரியான பக்கம் பார்த்து இருக்கிறது. பார்க்கிறவர்களும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். நம் தமிழிலேயே 'டூரிஸ்டாஸ்' வந்த அதே 2006-இல் ஜனநாதன் 'ஈ' எடுத்தார். சென்னைக் குடிசைவாசிகளின் உடம்பில் மருந்துப் பரிசோதனை செய்கிற கதை. பாட்டு, சண்டை எல்லாம் உண்டு. ஆனால் யார் யாரை அறுக்கிறார்கள் என்பதில் தடுமாற்றம் இல்லை. ஆக, உண்மையைச் சொன்னால் சுவை போய்விடும் என்பது சாக்கு.

"வெறும் படம்தானே" என்கிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பயம் என்பது எங்காவது போய் உட்கார்ந்தே தீரும். 1994-இல் குவாதமாலா நாட்டில், வெளிநாட்டவர் குழந்தைகளைக் கடத்தி உறுப்பை எடுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. தனியாகச் சுற்றுலா வந்திருந்த அமெரிக்கப் பெண் ஒருவரைக் கும்பல் அடித்து, உயிருக்குப் போராடும் நிலைக்குக் கொண்டுபோனது. அது தூரதேசம் என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே என்ன நடந்தது? வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தி. குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பம், மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களோடு. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த வயதான அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். கதையில் திருடன் யார் என்று தப்பாகச் சொல்லிவிட்டால், அடி விழுவது யாராவது ஒரு வழிப்போக்கன் மேல்தான்.

நல்ல காரியமும் இதனால் கெடும். 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் துணிச்சல் வந்தது. தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023-இல் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவரின் உறுப்பு முறையாகக் கிடைத்தால், உயிரோடு இருக்கிற தறிக்காரரின் வயிற்றைத் தேட வேண்டிய தேவை குறையும். ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நிற்கிற குடும்பத்தின் மனதில் சமோராவின் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிற படம், அந்தக் கதவையும் அடைக்கிறது.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. பேரன் இன்னும் பத்துப் படம் இதுபோல் பார்ப்பான், பார்க்கட்டும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் அவனிடம் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

உங்களில் பலர் என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள். ஆசிரியர்களாக, அலுவலர்களாக இருந்தவர்கள். விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி, தெரிந்த அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி இன்றும் அக்கம்பக்கத்தார் உங்களிடம் வருவார்கள். ஒரு கூலிக்காரர் வருகிறார், கூடவே சம்பந்தமில்லாத ஒரு வெள்ளைச் சட்டை வருகிறது, காகிதமெல்லாம் மிக ஒழுங்காக இருக்கிறது, காரணம் மட்டும் 'தெரிஞ்சவங்களுக்கு வைத்தியம்' என்று இருக்கிறது என்றால், வெள்ளைச் சட்டையைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். அந்த மனிதரிடம் தனியாக, எதற்கு என்று கேளுங்கள். கடன் எவ்வளவு என்று கேளுங்கள்.

நான் கேட்கவில்லை.